அது இவள் இல்லை

அத்தியாயம் பதினேழு

"அக்கா, ஆனைஸைப் பொலிஸ் பிடிச்சிட்டாங்கள்."

தம்பி யூலியன் ஃபோனில் இதைச் சொன்னபோது, தர்மிளா அலுவலகத்தின் பதினோராம் மாடியில் உட்கார்ந்து, காலையில் பொலிஸ் பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகளின் மேல் போடவேண்டிய முறைப்பாட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எங்கை வைச்சு?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"உங்கட கொம்பனி வாசல்லயாம்."

விடிந்ததும் நாலு பேர் நிறுவனத்தின் முற்றத்துக்குள் புகுந்து, வாசலில் இருந்த பெயர்க்கல்லின் மேல் சிவப்புப் பெயின்ற் ஊற்றிவிட்டார்கள். முகமூடி, ஒரே மாதிரியான சாம்பல் நிற மழைக்கோட்டு. வாயே திறக்கிறார்கள் இல்லை என்று பொலிஸ் சொல்லியிருந்தது. பெயர்கள் இன்னும் மேலே வரவில்லை. வந்திருந்தாலும் ஒருவருக்கும் விளங்கியிருக்காது. மகள் ஆனைஸுக்கு இருந்தது அவளுடைய தகப்பனின் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்.

"உங்கட பேரைச் சொல்லேல்லை அக்கா. ஆருக்கு அறிவிக்கவேணும் எண்டு கேட்டிருக்கிறாங்கள். மாமா எண்டு சொல்லி என்ர நம்பரைக் குடுத்திருக்கிறாள்."

"சரி. நீ அங்கை போ. நான் பாக்கிறன்."

"என்னத்தைப் பாக்கப்போறியள்?"

தம்பியின் குரலில் கோபம் இல்லை. அதுதான் சுட்டது. அவள் ஃபோனை வைத்தாள்.

தாயும் மகளும் கதைத்து ஒரு மாதம் ஆகிறது. மணவிலக்கான பிறகு அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். ஏதோ ஒரு பாலைவன நாட்டில், ஒரு சந்தையில் விழுந்த குண்டின் உடைந்த துண்டைப் பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள். குண்டுக்கு வழிகாட்டும் கருவி அது. தர்மிளாவின் கொம்பனி செய்தது. அன்றைக்கு ஆனைஸ் சாப்பாட்டு மேசையில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு பிரெஞ்சில் கேட்டாள்.

"இதை அந்த நாட்டுக்கு விற்கலாம் என்று அமைச்சிலிருந்து சொன்னது யார்?"

தர்மிளா பொய் சொல்லவில்லை. "சட்டத்தில் தடையில்லை என்று நான்தான் எழுதினேன்."

"பிறகு அதே கொம்பனிக்கு வந்து உட்கார்ந்துகொண்டாய்."

"அரசாங்க வேலையை விட்டபின் காத்திருக்கவேண்டிய காலம் காத்திருந்தேன். அனுமதி வாங்கித்தான் வந்தேன்."

இருபது வயதுப் பிள்ளை பத்திரிகையை மடித்தாள். பிறகு ஒரு பையில் உடுப்பை அடைத்துக்கொண்டு, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் போய்விட்டாள். தாத்தாவின் கடைக்கு மேலே, யூலியன் மாமாவின் வீட்டில் இருந்துகொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்தாள்.

தர்மிளா திருத்திக்கொண்டிருந்த முறைப்பாட்டை மூடினாள். எழுந்துபோய்த் தலைவியின் கதவைத் தட்டினாள்.

*

ஜெனவியேவ் அறுபதைத் தாண்டிய பெண். கொம்பனிக்கு வருமுன் அவளும் அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்தவள். கடுமையாகப் பேசியதை யாரும் கேட்டதில்லை.

"பிடிபட்டவர்களில் ஒருத்தி என் மகள்," என்றாள் தர்மிளா.

ஜெனவியேவ் திடுக்கிடவில்லை. ஒரு கதிரையை இழுத்துவிட்டாள். "யாருக்குத் தெரியும்?"

"என் தம்பிக்கு."

"நல்லது. நாளைக்கு நாடாளுமன்றக் குழுவுக்கு முன்னால் நீங்கள் உட்கார வேண்டும், தர்மிளா. வேறு யாரை அனுப்புவேன்? போரிலிருந்து தப்பி வந்த குழந்தை. படையில் சட்ட ஆலோசகர். அமைச்சில் அதிகாரி. இப்போது எங்கள் நிர்வாகக் குழுவில். நீங்கள் 'இந்த விற்பனை சட்டப்படி நடந்தது' என்று சொன்னால் அந்த அறையில் ஒருவரும் குரலை உயர்த்தமாட்டார்கள்."

இதற்காகத்தான் தன்னை எடுத்தார்கள் என்பது தர்மிளாவுக்கு முன்பே தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, முகத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லக் கேட்பது வேறு.

பாதுகாப்புப் பொறுப்பாளனை அழைத்தார்கள். அவன் கணினியைத் திறந்து காமெராவில் பதிந்ததைக் காட்டினான்.

"வாசலில் நின்ற மூன்று பேருக்குப் பெரிதாக ஒன்றும் வராது. கூப்பிட்டு எச்சரித்து விட்டுவிடுவார்கள்," என்றான். "பெயின்ற் ஊற்றின ஆள்தான் மாட்டப்போகிற ஆள். பூட்டை உடைத்ததும் அதே ஆள்தான். இரண்டு பேரை உடம்பை வைத்துக் கழித்துவிட்டோம். மிச்சம் அந்த இரண்டு இந்தியர்கள். ஒரே உயரம், ஒரே நிறம். எங்களிடம் யாராவது அடையாளம் சொன்னால் பொலிசுக்கு வேலை முடிந்துவிடும்."

இந்தியர்கள். தர்மிளா அதைத் திருத்தப் போகவில்லை.

திரையில் சாம்பல் மழைக்கோட்டுப் போட்ட உருவம் ஒன்று வாளியோடு முற்றத்தைக் கடந்தது. முகம் இல்லை, தலைமயிர் இல்லை, கையுறை போட்ட கைகள். யாராகவும் இருக்கலாம்.

ஆனால் அந்த உருவம் நடந்தது. இடது பாதம் கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பி விழுந்தது. ஏழு வயதில் மாடிப்படியில் விழுந்து, கால் முறிந்து, மாவுக்கட்டுப் போட்டு, கழற்றிய நாளிலிருந்து அப்படித்தான். அந்தக் காலைப் பிடித்துப் பிடித்து நடக்கப் பழக்கியவள் தர்மிளா.

"இன்னொருமுறை," என்றாள் ஜெனவியேவ்.

இன்னொருமுறை போட்டான்.

தர்மிளாவுக்கு இப்படித் திரை பார்ப்பது புதிதல்ல. படையில் அவளுடைய வேலையே அதுதான். முப்பது வயதில், சகாராவின் ஓரத்தில் ஒரு கூடாரத்துக்குள், தளபதியின் பக்கத்தில் நின்று ஆளில்லா விமானம் அனுப்புகிற படத்தைப் பார்த்து, அடிக்கலாமா கூடாதா என்று சட்டம் சொல்வாள். ஒருநாள் திரையில் ஒரு மனிதன் தோளில் நீளமாக எதையோ தூக்கிக்கொண்டு போனான். ஆயுதம் என்று எல்லோரும் சொன்னார்கள். "தெரியவில்லை என்றால் தெரியவில்லைதான். வேண்டாம்," என்று சொன்னவள் அவள் ஒருத்தி. தளபதி பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குதலைக் கைவிட்டார். பிறகு பார்த்தால் அது கிணற்றுப் பம்பின் குழாய்.

அந்தக் கதை அவள் கூடவே வந்தது. அமைச்சில் அவளை எடுத்தபோது அதைச் சொன்னார்கள். கொம்பனியில் எடுத்தபோதும் சொன்னார்கள். ஆயுத ஏற்றுமதி அனுமதிக் கோப்புகள் ஒவ்வொன்றாக அவள் மேசைக்கு வந்தபோது, இது அந்தப் பாலைவனத்தில் வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் கை என்று எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள். அந்த ஒரு 'வேண்டாம்' என்ற சொல்லை முதலீடாக வைத்துக்கொண்டுதான் பிறகு எல்லாவற்றுக்கும் சரி சொன்னாள்.

"உங்கள் மகளா?" என்று கேட்டாள் ஜெனவியேவ். கேட்ட விதத்திலேயே எந்தப் பதில் வசதி என்பது இருந்தது.

"இல்லை," என்றாள் தர்மிளா. "அது இவள் இல்லை."

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக."

பொறுப்பாளன் எழுதிக்கொண்டான். "அப்படியானால் மற்றவன்," என்றான்.

அதைத் தர்மிளா சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவன் நீட்டிய அறிக்கையில் கையெழுத்து மட்டும் போட்டாள்.

*

பின்னேரம் அவள் லா சப்பலில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மெத்ரோப் படிக்கட்டில் சிகரெட் விற்கிற பெடியன்கள் கூவிக்கொண்டு நின்றார்கள். காரில் வந்திருக்கலாம். கொம்பனிக் காரில் வந்து கடைக்கு முன்னால் இறங்க இன்றைக்கு மனம் வரவில்லை.

தகப்பன் யோனுடைய கடையில் வேலை முடிந்து வந்த சனம். மரக்கறிப் பெட்டிகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். எழுபத்தைந்து வயதிலும் தகப்பன் கல்லாவை விட்டு இறங்கவில்லை. மகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"விட்டிட்டாங்களாம் பிள்ளை! யூலியன் கூட்டிக்கொண்டு வாறான். எனக்குத் தெரியும், நீ ஒரு சொல்லுச் சொன்னால் காணும் எண்டு."

"அப்பா, மெல்லக் கதையுங்கோ."

"ஏன் மெல்லக் கதைக்கவேணும்? களவே எடுத்தனாங்கள்?"

அரிசி மூட்டைகளின் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஹோட்டல் சலவைக்கூடத்துச் சீருடைக்கு மேலே குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு, வேலையிலிருந்து பாதியில் வந்த கோலம். தர்மிளாவைக் கண்டதும் எழும்பினாள்.

"உவ சாரதாதேவி," என்றார் யோன். "வில்லியே லே பெல்லில இருந்து வந்தவ. உவவின்ர மகனையும் பிள்ளையோடதான் பிடிச்சவங்கள்."

அந்தப் பெண் தர்மிளாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவளுடைய விரல்கள் சவர்க்காரத்தில் ஊறிச் சுருங்கியிருந்தன.

"தங்கச்சி, உங்களைப் பற்றி அய்யா எப்பவும் சொல்லுறவர். குண்டு போடவேண்டாம் எண்டு சொல்லுறதுதான் என்ர மகளின்ர வேலை எண்டு சொல்லுவார். இஞ்சை சாமான் வாங்க வாற எல்லாருக்கும் தெரியும்."

தர்மிளா தகப்பனைப் பார்த்தாள். அவர் தேங்காய்களை அடுக்கத் தொடங்கினார். மகள் படையை விட்டு எத்தனையோ காலம். இருந்தும் அவர் கடையில் அவளுடைய வேலை இன்னும் மாறவில்லை.

"என்ர பிள்ளை மதுஷன். பத்து வயசில கூட்டிக்கொண்டு வந்தனான். இப்பதான் நஷனலிட்டிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறம். ஒரு வழக்கு விழுந்தால் அவ்வளவுதான் தங்கச்சி, எல்லாம் போச்சு. உங்கட பிள்ளையை விட்டிட்டாங்கள், இவனை மட்டும் வைச்சிருக்கிறாங்கள். அவன்தான் பெயின்ற் ஊத்தினவன் எண்டு கொம்பனியில ஆரோ சொன்னவையாம். அவன் ஒரு நுளம்பையும் அடிக்கமாட்டான். நீங்கள் படிச்ச ஆள், பெரிய இடங்களில இருந்த ஆள். அவங்களோட ஒருக்கால் கதையுங்கோவன்."

கொம்பனியில் ஆரோ. எந்தக் கொம்பனி, அதில் யார் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

"அவருக்கு வழக்குப் பேச அவொக்கா இருக்கிறாரோ?" என்று கேட்டாள் தர்மிளா. தன் குரல் ஒரு அலுவலகக் கவுண்டருக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் அவளுக்கே கேட்டது.

"அரசாங்கம் குடுத்த ஒராள். இனித்தான் வருவாராம்."

"நல்ல ஒராளின்ர நம்பர் தாறன். நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ."

"ஏன் தங்கச்சி?"

அதற்குள் கடை வாசலில் யூலியன் காரை நிறுத்தினான்.

*

ஆனைஸ் உள்ளே வந்தாள். சப்பாத்தின் நாடாக்களைப் பொலிஸ் கழற்றியெடுத்திருந்தது. சப்பாத்தை இழுத்து இழுத்து நடந்தாள். தாயைக் கண்டு நின்றாள்.

"சாப்பிட்டனியா?" என்று கேட்டார் யோன்.

அவள் தாத்தாவைப் பார்க்கவில்லை. தாயிடம் பிரெஞ்சில் பேசினாள்.

"விசாரித்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், தெரியுமா? நீங்கள் போகலாம், கொம்பனியில் காமெராவைப் பார்த்தார்கள், அது நீங்கள் இல்லை என்று ஒருவர் உறுதியாகச் சொல்லிவிட்டார் என்றார். அந்த ஒருவர் யார், அம்மா?"

"ஆனைஸ், இங்கே வேண்டாம்."

"நீ பார்த்தாயா?"

தர்மிளா கடைக்குள் நின்ற சனத்தைப் பார்த்தாள்.

"என் நடையைப் பார்த்துமா உனக்குத் தெரியவில்லை? நான் தெருமுனையில் வரும்போதே ஜன்னலிலிருந்து கண்டுபிடித்துக் கதவைத் திறக்கிறவள் நீ."

"உனக்கு இருபது வயது. உன் வாழ்க்கை முழுக்க இந்த வழக்கோடு..."

"மதுஷனுக்கு எத்தனை வயது?"

சாரதாதேவிக்குப் பிரெஞ்சு வேலைக்குப் போதுமான அளவுதான். இவ்வளவு வேகமாகப் பேசினால் பிடிபடாது. மகனின் பெயர் மட்டும் காதில் விழுந்தது.

"என்ன பிள்ளை? மதுஷனுக்கு என்ன?"

ஆனைஸ் திரும்பினாள். வீட்டில் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லி வளர்ந்த பிள்ளை. ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்தாள்.

"அன்ரி, மதுஷன் ஒண்டும் செய்யேல்லை. அவன் வாசல்ல நிண்டவன். பெயின்ற் நான்தான் ஊத்தினனான். பூட்டும் நான்தான்."

"பொத்து வாயை!" என்று கத்தினார் யோன். கடையில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. அவர் குரலை இறக்கினார். ஆனால் சாரதாதேவிக்குக் கேட்காத அளவுக்கு இறக்கவில்லை. "விசர்ப் பெட்டை. கொம்மா பாடுபட்டு வெளியில எடுத்திருக்கிறாள். ஆரோ ஒருத்தியின்ர பெடியனுக்காகத் திரும்பப்போய் விழப்போறியே?"

அந்த 'ஆரோ ஒருத்தி' அவருக்கு முன்னால்தான் நின்றாள். அவர் விற்ற அரிசியைப் பல வருடமாகச் சுமந்துகொண்டு போனவள்.

"அய்யா," என்றாள் சாரதாதேவி. தர்மிளாவின் பக்கம் திரும்பினாள். "கொம்மா எடுத்தவ எண்டால்? நீங்கள் எப்பிடி எடுத்தனீங்கள் தங்கச்சி?"

யூலியன்தான் சொன்னான். அக்காவைப் பார்க்காமல், கையில் இருந்த கார்ச் சாவியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அந்தக் கொம்பனியிலதான் அக்கா பெரிய ஆள். அடையாளம் சொன்னது அக்காதான் போல."

தர்மிளா காத்திருந்தாள். இந்தப் பெண் இப்போது கத்துவாள். முகத்தில் துப்பினாலும் துப்புவாள். துப்பினால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

சாரதாதேவி கத்தவில்லை. கையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"நான் திரும்பப் பொலிசுக்குப் போறன்," என்றாள் ஆனைஸ். "போய் நான்தான் எண்டு சொல்லப்போறன்."

"நட," என்றான் யூலியன். "நான் கொண்டுபோய் விடுறன். அன்ரி, நீங்களும் வாங்கோ."

"யூலியன்! உனக்கென்ன விசரே?" யோன் கல்லாவை விட்டு இறங்கினார். "பிள்ளை, மறியடி அவளை!"

தர்மிளா மறிக்கவில்லை. மறிக்கவேண்டும் என்று கால் எழும்பவும் இல்லை, போகட்டும் என்று மனம் விடவும் இல்லை. மூன்று பேருக்கும் பின்னால் வாசல்வரை போனாள். ஆனைஸ் காரின் பின் சீற்றில் ஏறினாள். சாரதாதேவி அவளுக்குப் பக்கத்தில் ஏறப் போனவள், ஒரு காலை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நீங்களும் வாங்கோ, மெடாம்."

'தங்கச்சி' என்ற சொல் போய்விட்டது.

"பிள்ளை சின்னப்பிள்ளை. சினேகிதனைக் காப்பாத்தப் பொய் சொல்லுது எண்டு நினைப்பாங்கள். கொம்பனி எழுதிக் குடுத்ததைத்தானே நம்புவாங்கள். நீங்கள் வந்து பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு ஒரு வார்த்தை சொன்னால்தான் என்ர பிள்ளையை விடுவாங்கள்."

அவள் சொன்னது முழுக்கச் சரி. அந்த அறிக்கையை மாற்றக்கூடியது அதில் கையெழுத்துப் போட்ட கைதான். போய்ச் சொன்னால் நாளைக்கு நாடாளுமன்றம் இல்லை, நாளை மறுநாள் அந்தப் பதினோராம் மாடி இல்லை. தெரிந்துகொண்டே பொய்யான அறிக்கை கொடுத்த சட்டத்தரணி என்று அவள் மேலேயே விசாரணை வரும்.

ஆனால் போகலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. தர்மிளா நடைபாதையில் நின்றாள். மழை காரின் கண்ணாடியில் விழுந்தது. அந்த நேரத்திலும் அவளுடைய மூளை பழக்கதோஷத்தில் ஒரு வாக்கியத்தைக் கட்டத் தொடங்கியிருந்தது. ஒளிப்பதிவு போதிய தெளிவில்லாத காரணத்தால், நல்லெண்ணத்தின் அடிப்படையில் முதலில் வெளியிட்ட கருத்தை மீளாய்வு செய்து... உண்மையைச் சொல்லப்போகும்போதும் தனக்கு நோகாமல் சொல்ல ஒரு வழி இருக்கும். அதை அவள் கண்டுபிடித்துவிடுவாள். அதில் அவளை வெல்ல ஆள் இல்லை.

"அம்மா." காருக்குள்ளிருந்து ஆனைஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அவளுக்குத் தமிழில் சொல் தேடவேண்டியிருக்கவில்லை. "நீ இப்ப என்ன யோசிக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும்."

பின்னால் நின்ற பஸ் ஹோர்ன் அடித்தது. சாரதாதேவி உள்ளே ஏறினாள். ஆனைஸ் அவளைத் தாண்டிக் கையை நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தினாள். கார் பாலத்தின் பக்கம் திரும்பி மறைந்தது.

"போகட்டும் விடு." யோன் வாசலுக்கு வந்து மகளுக்கு மேலே குடையைப் பிடித்தார். "நீ எழுதிக் குடுத்தது எழுதிக் குடுத்ததுதான். சின்னப் பெட்டையின்ர கதையை ஆர் கேக்கப்போறாங்கள்? நாளைக்கு ரீவியில உன்னைக் காட்டுவாங்களாம் எண்டு எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன்."

தர்மிளா தகப்பனின் கையிலிருந்து குடையை வாங்கினாள். விரித்த குடையைச் சுருக்கி, அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தாள். பிறகு கார் போன திசையில், மழையில் நடக்கத் தொடங்கினாள்.

"எங்கை போறாய்?" என்று பின்னாலிருந்து கேட்டார் யோன். "பிள்ளை, எங்கையெண்டு சொல்லிப்போட்டுப் போ!"